அஞ்சலையின் சிப்பியும் மேருவின் களிமண்ணும்

மே மாத மூன்றாவது வாரம், விடைத்தாள் திருத்திக் கொடுத்த கையோடு ஐந்து நாள் மலேசியா போய்வந்தேன். திரும்பியதும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, இரட்டைக் கோபுரம் பார்த்தாயா என்பதுதான். ரயில் ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார்த்தேன். நான் போனது கோபுரம் பார்க்க இல்லை, சேறு பார்க்க. கிள்ளான் நகரத்துக்கு வடக்கே, மேரு என்ற இடத்தில், ஒரு தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டிய குழியில் இருந்த சேறு.

இந்த வலைப்பூவுக்குப் புதிதாக வருபவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் கல்லூரியில் நிலவியல் நடத்துகிறேன். இரட்டை ஓட்டுச் சிப்பிகளின் புதைபடிவங்களை வகை பிரிப்பது என் வேலை, பைத்தியம், என் வீட்டுக்காரருக்குத் தலைவலி, எல்லாம். சிப்பிக்குள் இருந்த உயிர் என்றோ அழுகிப் போயிருக்கும். மிஞ்சுவது ஓடு மட்டும். அதில் இரண்டு ஓடும் இணையும் கீல் எப்படி இருக்கிறது, கீலில் எத்தனை பல், தசை ஒட்டியிருந்த தழும்பு எங்கே, மேலே எத்தனை வரி என்று பார்த்துத்தான் இது இன்ன குடும்பம், இன்ன இனம் என்று சொல்ல வேண்டும். எது எதிலிருந்து வந்தது என்ற வம்சக் கதையையும் அதே ஓட்டிலிருந்துதான் கட்ட வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன் காரைக்காலுக்கு மேற்கே இரண்டு கிணறுகள் தோண்டினார்கள். இரண்டுக்கும் நடுவே ஐம்பதடி தூரம்கூட இருக்காது. முதல் கிணற்றின் அடியில் ஏழு சிப்பி ஓடுகள் கிடைத்தன. வரிகள் மேல் மணி மணியாகக் கோத்தது போன்ற புடைப்புகள் இருந்தன. இந்த இனத்துக்குப் பழைய நூல்களிலேயே பெயர் உண்டு. இரண்டாவது கிணற்றில், அதைவிட மேல் மட்டத்தில், ஒன்பது ஓடுகள். அதே குடும்பம், அதே எண்ணிக்கையில் வரிகள், ஆனால் கொஞ்சம் சின்னது, மணிகள் கிடையாது. இந்த ஒன்பதையும் கண்டெடுத்தவர் அஞ்சலை. கிணற்றிலிருந்து மேலே வரும் மண்ணைச் சுமந்து கொட்டும் கூலி வேலை அவருக்கு. கூடையில் ஏதோ வித்தியாசமாகத் தெரிந்ததும், கொட்டாமல் பொறுக்கித் தன் தூக்குவாளி மூடியில் போட்டு வைத்திருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது, "சோறு வைக்கிற எடத்துல வச்சிருக்கேன் மேடம், பத்திரமாத்தான் இருக்கும்" என்று நீட்டினார்.

கீழ் மட்டம் பழையது, மேல் மட்டம் புதியது. ஆகவே காலப்போக்கில் மணிகள் மறைந்து, பழைய இனத்திலிருந்து புதிய இனம் கிளைத்தது என்று எழுதினேன். அழகான கதை. புதிய இனத்துக்கு அஞ்சலையின் பெயரை வைத்தேன், லத்தீன் வால் ஒட்டி. கட்டுரை அச்சாகும்வரை வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? அவரிடம் சொல்லிவிட்டேன். அவருடைய அக்கா மகள் சடங்குக்கு வைத்த ஃபிளெக்ஸ் பேனரில், சொந்தக்காரர் படங்களுக்கு நடுவே, ஒரு சிப்பிப் படமும் 'உலகச் சிப்பிக்குப் பெயர் தந்த எங்கள் சித்தி' என்ற வரியும் வந்துவிட்டன. தெருமுனையில் பத்து நாள் நின்றது அந்தப் பேனர்.

இந்த வருடம் மார்ச்சில் ஆய்விதழிலிருந்து கட்டுரை திரும்பி வந்தது. மதிப்பீடு செய்தவர் யாரென்று தெரியாது. அவர் கேட்டது ஒரே கேள்வி. முதல் கிணற்றில் கிடைத்த ஏழும் இடது ஓடுகள், இரண்டாவதில் கிடைத்த ஒன்பதும் வலது ஓடுகள். இரண்டும் ஒரே இனத்தின் இரண்டு பக்கங்களாக ஏன் இருக்கக்கூடாது? ஜோடியாக மூடியே கிடக்கும் சிப்பிகளைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மூன்று நாள் கோபத்தில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. இடது வலது பார்க்கத் தெரியாதவளா நான்? கீல் மேலே இருக்க, ஓட்டின் உச்சியில் வளைந்திருக்கும் மூக்கு எனக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி பிடித்தால் தெரிந்துவிடும். முதல் நாளே பார்த்துக் குறித்தும் வைத்திருந்தேன். ஆனால் கரையோரத்தில் அலை, ஓடுகளை இடது தனி, வலது தனி என்று பிரித்து ஒதுக்கும் என்பது எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஒரே இடத்தில் ஒரே பக்கம் கிடைத்தால் அது அலையின் வேலை என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுவோம். நானும் போய்விட்டேன். இது எதுவும் தெரியாத ஒருவர் அந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பார். எனக்குத் தெரிந்திருந்ததால் சந்தேகமே வரவில்லை.

ஜோடிச் சிப்பிக்கு எங்கே போவது? நம் கடற்கரையில் ஒதுங்குவதெல்லாம் ஒற்றை ஓடு. வலை போடும் மீனவர்களிடம் சொல்லி வைத்தும் வேறு இனம்தான் வந்தது. அலையே இல்லாத அமைதியான சேற்றில், செத்த இடத்திலேயே மூடிக் கிடந்த சிப்பிகள் வேண்டும். இதைப் புலம்பலாக இங்கே எழுதியபோதுதான், கிள்ளானிலிருந்து குணா என்ற வாசகர் பின்னூட்டம் போட்டார். அவர் மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர் ஓட்டுபவர். "டீச்சர், நாங்க மேருவுல ஃபாக்டரிக்குக் குழி தோண்டுறோம். கறுப்புச் சேறு. கெராங் மாதிரி சிப்பி மூடுன மேனிக்கே வருது" என்று எழுதி, ஒரு படமும் போட்டிருந்தார். கெராங் என்பது அங்கே எல்லாரும் வேகவைத்துச் சாப்பிடும் மட்டி. அந்தப் பகுதி முழுக்க ஐந்தாறாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்த இடம். படத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். கழுவ வேண்டாம், கிடைத்த ஆழத்தைக் குறித்து வையுங்கள் என்று பதில் போட்டேன். இரண்டு வாரம் கழித்து அவரிடமிருந்து இன்னொரு செய்தி: "வியாழக்கெழம கான்கிரீட் ஊத்துறாங்க டீச்சர். வரதா இருந்தா அதுக்கு முன்னாடி வந்துருங்க."

செவ்வாய்க் காலை ஒன்பதரைக்குத் திருச்சியில் விமானம் ஏறினேன். நாலே கால் மணி நேரப் பயணம். அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதால், இறங்கும்போது உள்ளூர் நேரம் மாலை நாலே கால். அசல் புதைபடிவங்களைக் கல்லூரியிலேயே பூட்டி வைத்துவிட்டு, ஒரு இடது, ஒரு வலது என இரண்டு பிளாஸ்டர் நகல்களைக் காலுறைக்குள் சுருட்டிக் கொண்டுபோனேன். விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குப் பேருந்து பதினைந்து ரிங்கிட், ஒரு மணி பத்து நிமிடம். அங்கிருந்து, தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதி, பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கும் தூரம்தான். ஒரு கடையின் மாடியில் அறை, ஒரு நாளுக்குத் தொண்ணூறு ரிங்கிட். ஜன்னலைத் திறந்தால் கீழே பூக்கடை, எதிரே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. குளிர்சாதனம் ஓடும், சத்தமும் போடும்.

புதன்கிழமையைச் சும்மா கழிக்க மனமில்லை. காலை ஒன்பது மணிக்கு கே.எல். சென்ட்ரலில் கிள்ளான் போகும் கொமுட்டர் ரயில் பிடித்தேன். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பெட்டாலிங் ஜெயாவின் தொழிற்சாலைக் கூரைகள், வரிசை வீடுகள், ஷா ஆலம் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பெண்களுக்கான தனிப் பெட்டி உண்டு. தெரியாமல் பொதுப் பெட்டியில் ஏறி, முக்கால்வாசித் தூரம் நின்றுகொண்டே போனேன்.

கிள்ளானில் ஜவுளிக்கடைகளைத் தாண்டி, கெராங் கிடைக்குமா என்று விசாரித்து ஒரு கடையில் உட்கார்ந்தேன். பரிமாறியவர் ராமநாதபுரத்துக்காரர், வேலை பெர்மிட்டில் வந்து ஒன்பது வருடமாகிறதாம். வேகவைத்த கெராங் ஒரு தட்டு, கூடவே மிளகாய்ச் சாந்து, பதினான்கு ரிங்கிட். தின்று முடித்ததும், "அண்ணே, ஓட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, எனக்கு வேணும்" என்றேன்.

"ஓடா? எதுக்கும்மா, சுண்ணாம்பு சுடவா?"

"இல்லண்ணே, படிக்க."

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்து மேசையில் மிஞ்சியிருந்த ஓடுகளையும் சேர்த்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். "நெறையப் படிங்க" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஒரு கெராங் ஓட்டைக் கழுவி, கீலை வெளிச்சத்தில் பாருங்கள். நேர்கோட்டில் சீப்புப் பல் போலக் குட்டிக் குட்டிப் பற்கள். இடது ஓட்டின் பல், வலது ஓட்டின் பள்ளத்தில் போய் உட்காரும். காரைக்கால் கிணற்றுச் சிப்பியிலும் இதே சீப்புத்தான். இடையில் முப்பது லட்சம் ஆண்டுகளாவது இருக்கும். கடல் வந்தது, போனது, எத்தனையோ உயிர்கள் அழிந்தன. இந்தக் குடும்பம் மட்டும் அந்தச் சீப்பை மாற்றிக்கொள்ளவே இல்லை. வரி, மணி, பருமன் எல்லாம் சேற்றுக்கும் மணலுக்கும் ஏற்றபடி மாறும். குடும்ப அடையாளம் கீலில் இருக்கும். மிளகாய்ச் சாந்து விரலோடு அதைத் தொட்டுப் பார்த்தபோது, இந்த வேலைக்கு வந்ததற்காக எனக்கு நானே நன்றி சொல்லிக்கொண்டேன்.

அந்தத் தட்டில் இருந்த எல்லா ஜோடிகளிலும் இரண்டு பக்கமும் ஒரே அளவு, இரண்டு பக்கமும் மணி. அப்படியென்றால் ஒரு பக்கம் மணி உள்ளது, மறுபக்கம் இல்லாதது என்ற பேச்சுக்கே இடமில்லை. அஞ்சலையின் இனம் தப்பித்தது என்று முடிவு கட்டினேன். இதே குடும்பத்தில் இரண்டு பக்கமும் சமமில்லாத இனங்களும் உண்டு என்று எனக்குத் தெரியும். வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன். வேண்டாதபோது மறந்துவிடுவதும் ஒரு திறமைதான். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழன் காலை ஆறரை ரயில். குணா கிள்ளான் ஸ்டேஷன் வாசலிலேயே காத்திருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், தமிழ்ப்பள்ளியில் படித்தவர், கையில் எனக்கென்று ஒரு பொட்டலம் நாசி லெமாக், அதாவது அந்த ஊர்த் தேங்காய்ப்பால் சோறு. "வாங்க டீச்சர். பசியாறிட்டீங்களா? இல்லன்னா கார்லயே சாப்டுங்க, டைம் இல்ல லா. கான்கிரீட் லோரி பதினோரு மணிக்கு வருது."

மேரு அங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள். நெரிசலில் அரை மணி நேரம் ஆனது. சைட் சூப்பர்வைசர் ஒரு மலாய்க்காரர், அமைதியானவர். எனக்கு ஹெல்மெட்டும், இரண்டு அளவு பெரிய பூட்ஸும் கொடுத்தார். குழிக்குள் இறங்கக்கூடாது, ஓரத்தில் கயிறு கட்டிய இடத்தைத் தாண்டக்கூடாது, பத்தரைக்கு வெளியே போய்விட வேண்டும் என்று குணா மூலம் சொன்னார். பத்தரை என்று விரலாலும் காட்டினார்.

குழி நான்கு மீட்டர் ஆழம். மேலே செம்மண், அதன் கீழே கறுத்த சாம்பல் நிறக் களிமண். குணா என்னை ஒரு கன்டெய்னர் அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஐஸ்கிரீம் டப்பாக்கள் வரிசையாக இருந்தன, பதினொன்று. ஒவ்வொன்றிலும் சேற்றோடு சேறாகச் சிப்பிகள், மூடியின் மேல் மெழுகுப் பென்சிலில் எண்: 2, 2½, 3, 3½.

"இது ஆழமா? எப்படி அளந்தீங்க?"

"மெஷின் கை இருக்குல்ல டீச்சர், அதுல அரை மீட்டருக்கு ஒரு தடவ டேப் ஒட்டி வச்சேன். பக்கெட்டு எறங்கறப்ப எந்த டேப்பு மண்ணத் தொடுதோ, அந்த நம்பர். டப்பா எல்லாம் எங்க வீட்டுப் பிள்ளைங்க தின்னது."

யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. உச்சி வெயிலில் இயந்திரத்தை நிறுத்தி, இறங்கி, கைவிட்டுப் பொறுக்கி, எண் எழுதி வைத்திருக்கிறார். முகம் பார்த்திராத ஒருத்தி வலைப்பூவில் கேட்டாள் என்பதற்காக. என் மாணவர்களில் பாதிப் பேர் இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை, மதிப்பெண் போடுவேன் என்று சொல்லியும். அந்த டப்பாக்களின் முன்னால் நின்றேன். நன்றி என்று சொன்னேன். "ஏன் டீச்சர், இதெல்லாம் ஒரு வேலையா" என்றார்.

வாளித் தண்ணீரில் ஒரு சிப்பியை ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். கெராங் இல்லை, அதன் உறவுதான். கொஞ்சம் நீளம், வரிகள் அதிகம். இறுக மூடியிருந்தது. இடது பக்கம் வெளியே வந்தது: வரி முழுக்க மணிகள். திருப்பினேன். வலது பக்கம்: சற்றுச் சின்னது, இடது ஓட்டுக்கு உள்ளே அடங்கி உட்கார்ந்திருந்தது. வரிகள் வழவழவென்று. மணிகள் இல்லை.

தேய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு அடுத்ததை எடுத்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவது, நான்காவது. எண் 2 டப்பா, எண் 3½ டப்பா. ஒன்பது ஜோடிகளைத் தேய்த்தபின் பிரஷைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

நான் மேசையில் வைத்திருந்த பிளாஸ்டர் நகல்களைக் குணா அதற்குள் கையில் எடுத்திருந்தார். மணி உள்ளதைச் சிப்பியின் இடது பக்கத்துக்கு அருகிலும், இல்லாததை வலது பக்கத்துக்கு அருகிலும் வைத்தார். "டீச்சர், உங்க ரெண்டும் இதுல ஒண்ணாவே இருக்கே. பாருங்க, அதே மாரிதான்."

"தெரியுது குணா." குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது.

"நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்ல. சரியாச் சொல்லிட்டீங்க. அதான் கஷ்டமா இருக்கு."

மணிகள் தேய்ந்து மறைந்த கதை, ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைத்த கதை, மூன்று வருட உழைப்பு, எல்லாம் ஒரு வாளித் தண்ணீரில் கரைந்துபோனது. அதைத் தாங்கிக்கொண்டிருப்பேன். அறிவியலில் இது நடப்பதுதான். ஆனால் அஞ்சலையின் பெயர்? இரண்டும் ஒரே இனம் என்றால் பழைய பெயர்தான் நிற்கும். புதிய பெயர் போய்விடும். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்ட பெயரை நான்தான் அவரிடமிருந்து பறிக்க வேண்டும்.

ஒளிக்காமல் சொல்கிறேன். மணி பத்து ஐந்து. இன்னும் ஒரு மணி நேரத்தில் குழியை மூடிவிடுவார்கள். மிச்சம் இந்த டப்பாக்கள் மட்டும். இதை இங்கேயே கொட்டிவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதினால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நொடி, ஒரே நொடி, தோன்றியது. அடுத்த நொடி குணாவின் மெழுகுப் பென்சில் எழுத்து கண்ணில் பட்டது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"குணா, ஒவ்வொண்ணையும் ஸ்கேல் வச்சு ஃபோட்டோ எடுக்கணும். நேரம் இருக்கா?"

"இருபத்தஞ்சு நிமிசம் இருக்கு. நான் புடிக்கிறேன், நீங்க எடுங்க."

மொத்தம் முப்பத்தொரு ஜோடிகள்; மிச்சத்தை அவர் வாளியில் அலசி அலசி நீட்டினார். இடது, வலது, கீல், ஓரம் என்று அத்தனையையும் எடுத்து முடித்தபோது பத்து இருபத்தெட்டு. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எனக்குக் கட்டைவிரல் காட்டினார். அவர் அனுமதியோடு சிப்பிகள் குணாவிடமே இருக்கின்றன; உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு எழுதியிருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்வார்கள்.

மதியம் கிள்ளானில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் குணாவை அழைத்துப்போனேன். பணம் கொடுக்க அவர் விடவில்லை. நான் சரியாகச் சாப்பிடாததைக் கவனித்துவிட்டு என்னவென்று கேட்டார். அஞ்சலையைப் பற்றிச் சொன்னேன், பேனர் உட்பட. சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், "அந்த அக்காவுக்கு மெசேஜ் போட்றாதீங்க டீச்சர். பேசுங்க" என்றார். மெசேஜ் போடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இதுபோல் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மலேசியாவுக்கு நான் போனபோது இந்தியர்களுக்கு விசா தேவைப்படவில்லை. ஆனால் இணையத்தில் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும், புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். விதிகள் மாறும், போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். தங்குவதற்குப் பிரிக்பீல்ட்ஸ் வசதி: ரயில் பக்கத்தில், சாப்பாடு கீழேயே. கிள்ளானுக்கு ரயிலில் போங்கள். சாலையில் நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவுதான், ஆனால் மாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் போய்விடும். ரயில் அட்டவணையை முன்கூட்டியே பாருங்கள். ஒன்றை விட்டால் அரை மணி நேரம் காத்திருக்க நேரும். கட்டுமான இடங்களுக்கு அனுமதி இல்லாமல் போகாதீர்கள்; பூட்ஸை வீட்டிலிருந்தே கொண்டுபோனால் என்னைப் போல் வாத்து நடை நடக்க வேண்டாம். எதையும் தோண்டிப் பையில் போட்டு நாடு கடத்தாதீர்கள், சிப்பி என்றாலும். படம், அளவு, குறிப்பு போதும். கெராங்கை நன்றாக வெந்த பிறகு சாப்பிடுங்கள். சாப்பிட்டபின் ஒரே ஒரு ஓட்டின் கீலைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, ஊரில் எட்டு மணி என்று கணக்குப் போட்டு, பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில் நின்று அஞ்சலைக்குப் பேசினேன். அறைக்குள் குளிர்சாதனச் சத்தத்தில் பேச முடியவில்லை.

"பஸ்ஸுக்கு நிக்கிறேன் மேடம். சொல்லுங்க. அங்க சாப்பாடெல்லாம் ஒத்துக்குதா?"

"ஒத்துக்குது. அஞ்சலை, உங்க பேர் வச்ச சிப்பி இருக்குல்ல, அது புதுசு இல்ல. நான் தப்பாப் பாத்துட்டேன். அந்தப் பேர எடுத்துடணும்."

பின்னால் ஏதோ வண்டியின் ஹாரன்.  பிறகு, "நான் எடுத்துக் குடுத்தது தப்பான சிப்பியா மேடம்?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"இல்ல அஞ்சலை, சிப்பி சரிதான். தப்பு என்னுது. முதல் கெணத்துல கெடச்சுதுல்ல, அதோட வலது பக்கம் இது. ரெண்டும் ஒண்ணு. அதுக்கு நாம பொறக்கறதுக்கு முன்னாடியே யாரோ பேர் வச்சுட்டாங்க."

"அப்படிப் பேர் வச்சவங்க இந்த வலது பக்கத்தப் பாத்துருக்காங்களா?"

 அந்தப் பழைய விவரிப்பை எத்தனை முறை படித்திருப்பேன்! இடது ஓட்டின் நீளம், இடது ஓட்டின் வரிகள், இடது ஓட்டின் படம். வலது ஓடு கிடைக்கவில்லை என்று கடைசியில் ஒரு வரி. அதன்பின் வந்த யாரும் அந்த வரியை மாற்றி எழுதவில்லை.

"இல்ல அஞ்சலை. அவங்களுக்கு இடது மட்டுந்தான் கெடச்சுது. வலத யாருமே பாக்கல."

"அப்ப இத்தன வருசமா அது பாதியாத்தான் கெடந்துச்சா?"

"ஆமா."

"நல்லவேள, மண்ணோட கொட்டாம எடுத்து வச்சேன்" என்றார். "மேடம், பஸ்ஸு வந்துட்டு. வந்து பேசுங்க."

போனைப் பையில் போட்டுவிட்டு அந்த நடைபாதையிலேயே அழுதேன். போகிறவர்கள் பார்த்தார்கள். பூக்கடைக்கார அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஒக்காருங்க" என்று மட்டும் சொன்னார், வேறெதுவும் கேட்கவில்லை. அவருக்கும் நன்றி.

நேற்றுக் கட்டுரையைத் திருத்தி அனுப்பிவிட்டேன். புதிய இனம் எதுவும் அதில் இல்லை, வம்சக் கதையும் இல்லை. ஒரு பழைய இனத்தின் வலது ஓடு முதன்முறையாக விவரிக்கப்பட்டிருக்கிறது. மேரு சிப்பிகளைச் சேகரித்து ஆழம் குறித்தவர் என்று குணாவின் பெயர் நன்றியுரையின் முதல் வரியில் இருக்கிறது. கட்டுரை ஆசிரியர்கள் என்ற இடத்தில் அஞ்சலையின் பெயரை என் பெயருக்கு முன்னால் போட்டிருக்கிறேன். யாராவது கேட்டால் அகர வரிசை என்று சொல்லிக்கொள்வேன்.